பழைய ஸ்போர்ட்ஸ் கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே ஸ்பேனர் பிடிக்கும் வாசகர்கள் கேட்டவை இவை. எந்த வேலையாக இருந்தாலும் காரை வெறும் ஜாக்கியின் மேல் நிறுத்திவிட்டு அடியில் நுழையாதீர்கள். சமமான, உறுதியான தரையில் ஸ்டாண்டு போட்டு, காரைக் கையால் நன்றாக அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

கேள்வி: என்னிடம் 1970 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. இரட்டை எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர். ஐடிலில் நன்றாக ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறி, இருமிய பிறகுதான் வேகம் எடுக்கிறது. கார்புரேட்டரை எத்தனை முறை டியூன் செய்தாலும் ஒரே கதைதான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இரண்டு நிமிட வேலை ஒன்று. இரு கார்புரேட்டர்களின் தலையிலும் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். அதோடு சேர்ந்து டேம்பர் கம்பி வெளியே வரும். அது இறங்கும் குழாய்க்குள் ஆயில் இருக்க வேண்டும். எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயிலே போதும். கம்பியைத் திரும்ப இறக்கும்போது, மூடியின் மரை பிடிப்பதற்குச் சுமார் 6 மி.மீ. முன்பே கைக்கு எதிர்ப்பு தெரிந்தால் அளவு சரி. ஆயில் இல்லாவிட்டால், திராட்டிலைத் திறந்ததும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் தடையில்லாமல் மேலே தாவிவிடும். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் மேலே உறிஞ்சல் குறையும், கலவையில் காற்று மிகுந்துவிடும். நீங்கள் சொல்லும் இருமல் அப்படியேதான் வரும்.

ஆயில் இருந்தும் திணறினால், கார்புரேட்டரை மறந்துவிட்டு வால்வில் தொடங்குங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று பெயர் வாங்கும் பலவும் உண்மையில் இக்னிஷன் கோளாறுகள். வால்வும் இக்னிஷனும் சரியில்லாமல் கலவையைத் திருத்தினால், ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைப்பதுதான் நடக்கும்.

உங்கள் எஞ்சினுக்கு வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. எட்டு வால்வுகளையும் முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டினால் 9 வருகிற ஜோடிதான் கணக்கு. 8-ஆவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐ சரிசெய்யுங்கள். 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5. ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்துவிடுங்கள். வால்வை அழுத்தும் ராக்கரின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் தகடு அந்தப் பள்ளத்தின் மேலே பாலம் போல நின்று தவறான அளவைக் காட்டும். அப்படிப்பட்ட ராக்கரை மாற்றினால்தான் அளவு நிலைக்கும்.

அடுத்தது, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிரும் டிஸ்ட்ரிப்யூட்டர். அதற்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் டுவெல் மீட்டர் இருந்தால் 25டி4 வகை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு 60 டிகிரி, 3 டிகிரி கூடலாம் குறையலாம். மீட்டரின் முள் நிலையில்லாமல் அலைந்தால் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் பாயின்ட்டை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

வேக்யூம் குழாயை கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயின்ட் இருக்கும் தட்டு நகர்ந்து, உறிஞ்சலை நிறுத்தாதவரை அங்கேயே நிற்க வேண்டும். நகரவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது தட்டு இறுகியிருக்கிறது. டைமிங்கை டெஸ்ட் பல்பு வைத்துப் பார்க்கலாம். காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் (காரின் உலோகப் பகுதிக்கும்) நடுவே பல்பை இணைத்து, இக்னிஷனைப் போட்டு, எஞ்சினை அது சுற்றும் திசையிலேயே கையால் மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியும் அந்தக் கணத்தில் பாயின்ட் திறக்கிறது. அப்போது கிராங்க் புல்லியின் குறி, எஞ்சின் பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலைக்கு 10 டிகிரி முன்னதாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். அதன் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். அது தடையின்றி விழுந்து ‘டக்’ என்று உலோக ஒலி தர வேண்டும். ஒலி வரவில்லை என்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை மையப்படுத்த வேண்டும். திராட்டில் ஸ்பிண்டிலை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் அந்த வழியாகத் திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் அந்த இடத்தில் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்தால் எஞ்சின் ஒலி மாறும். இந்தக் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கார்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது. தீப்பிடிக்கக்கூடிய ஸ்ப்ரேயை அங்கே அடிக்கவே கூடாது.

ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது அறுகோண நட்டின் 12 பட்டை, கீழே இறக்குங்கள். ஆரம்ப நிலை இது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் இரு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கிளாம்ப்புகளைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாறி மாறி வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை ஐடில் ஸ்க்ரூக்களைத் திருப்புங்கள். பிறகு கலவை. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு பட்டை மேலே ஏற்றுங்கள். உடனே வேகம் விழுந்தால் பெட்ரோல் குறைவு, ஒரு பட்டை கீழே இறக்குங்கள். கொஞ்சம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு கார்புரேட்டரைத் திருத்தினால் மற்றதும் மாறும். எனவே இரண்டையும் இன்னொரு சுற்று பார்த்துவிட்டுக் கிளாம்ப்புகளை இறுக்குங்கள். சுத்தம் செய்யக் கழற்றினால் ஒன்றின் பிஸ்டனை மற்றதன் மூடிக்குள் போட்டுவிடாதீர்கள். அவை ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்ட ஜோடிகள்.

கேள்வி: அரை மணி நேரம் நன்றாக ஓடிய கார் திடீரென்று நின்றுவிடுகிறது. சிறிது நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. வீட்டில் சோதித்தால் எல்லாமே சரியாக இருக்கிறது. எங்கே தேடுவது?

பதில்: நின்ற இடத்திலேயே தேட வேண்டும். ஆறிய பிறகு சோதிப்பதில் பலனில்லை. காரில் ஒரு ஸ்பார்க் டெஸ்டர், ஒரு டெஸ்ட் பல்பு, டிஸ்ட்ரிப்யூட்டருக்கான புதிய கண்டென்சர், அதற்குள் சுழலும் நல்ல ரோட்டார் ஆகியவற்றை வைத்திருங்கள்.

நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, உடனே கார் ஸ்டார்ட் ஆனால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வேறெதையும் தொட வேண்டாம்.

இல்லையென்றால் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி எஞ்சினைச் சுற்றவிடுங்கள். ஸ்பார்க் இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர்மீது. இது சூடேறியதும் செயலிழந்து, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும். புதிதாக வாங்கியது என்பதால் நம்பிவிடாதீர்கள். இன்று விற்கும் மாற்றுக் கண்டென்சர்களிலும் ரோட்டார்களிலும் தரம் குறைந்தவை நிறைய உண்டு. நடுவில் ரிவிட் அடித்த ரோட்டாரில், அந்த ரிவிட் வழியாகவே மின்சாரம் ஷாஃப்ட்டுக்குப் பாய்ந்துவிடுவது அறியப்பட்ட குறை. ரிவிட் இல்லாமல் வார்த்த ரோட்டாரைத் தேடி வாங்குங்கள். காயிலும் சூட்டில் கெடும். அதைவிட அதிகம் நடப்பது, தவறான காயிலைப் போட்டுவிடுவது. பேலஸ்ட் மின்தடை இல்லாத காருக்கு 3 ஓம் காயில், பேலஸ்ட் உள்ள காருக்குச் சுமார் 1.5 ஓம் காயில். மீட்டரை இரண்டு சிறு முனைகளிலும் வைத்தால் தெரிந்துவிடும்.

ஸ்பார்க் நீலமாக, வலுவாக வந்தால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள். எஸ்யூ மின் பம்ப் இருந்தால் காது கொடுங்கள். இக்னிஷனைப் போட்டதும் சில முறை டிக் டிக்கென்று அடித்து, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறை நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் பக்கக் குழாயில் காற்று புகுகிறது, அல்லது டேங்க் காலி. சத்தமே இல்லை என்றால் பம்ப்பின் பாயின்ட் கருகியிருக்கலாம், மின்சாரமோ எர்த்தோ வராமலும் இருக்கலாம். டெஸ்ட் பல்பு பதில் சொல்லும்.

பம்ப்பும் சரி, ஸ்பார்க்கும் சரி என்றால் பெட்ரோல் கார்புரேட்டரிலேயே கொதிக்கிறது. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடும், அதன் இரு பக்கமும் வெப்பம் கடத்தாத தடிப்பான ஸ்பேசரும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு வேலை செய்தவர்கள் கழற்றிவிட்டு மறந்திருப்பது சகஜம். அதே நேரத்தில் பெட்ரோல் ஹோஸ்களையும் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து மென்மையாக்கி உதிர்க்கும், வெளியே வெடிப்பு விடும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே கசியும் ஒரே ஒரு ஹோஸ் காரையே எரித்துவிடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: கொஞ்ச தூரம் ஓட்டியதும் முன் வலது சக்கரம் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. காலையில் பார்த்தால் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறது. காலிப்பரை மாற்றிவிடலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். காரை ஸ்டாண்டில் ஏற்றி, பிரேக்கைச் சில முறை அழுத்திவிட்டு, சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே, காலிப்பரில் காற்று எடுக்கும் திருகான பிளீட் நிப்பிளைத் திறங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது. திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கிறது.

அழுத்தம் அடைபட்டதுதான் என்றால் நிப்பிளை மூடி, மறுபடி பிரேக்கை அழுத்தி, இம்முறை ரப்பர் ஹோஸுக்கு முன்னால், பாடிப் பக்கம் உள்ள இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் பிடித்தபடியே இருந்தால் ஹோஸ்தான் குற்றவாளி. வெளியே புதிதுபோல இருந்தாலும் உள்சுவர் வீங்கி மூடியிருக்கும். காலின் பலத்தால் ஆயில் போய்விடுகிறது, திரும்பி வர வழியில்லை. ஒரே சக்கரம் பிடிப்பதற்கு இதுவே அடிக்கடி காரணம். இரு முன் சக்கரங்களும் சேர்ந்து பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பெடல் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறிது விடுதலை இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும்.

ஹோஸை மாற்றும்போது முதலில் இரும்புக் குழாயின் நட்டை விடுவியுங்கள், பிறகு பிராக்கெட்டின் லாக் நட், கடைசியாகக் காலிப்பர் பக்கம். ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. வாஷர் உள்ள இடத்தில் புதிய செம்பு வாஷரே போடுங்கள். ஒரு பக்கம் கெட்டால் இரண்டு பக்கமும் மாற்றுவதுதான் நியாயம். வயது ஒன்றுதானே.

பிரேக்கிலிருந்து காற்று எடுக்கும்போது பழைய மாஸ்டர் சிலிண்டரின் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். வழக்கமாக சீல் போகாத கடைசிப் பகுதியில் துரு இருக்கும், சீல் அங்கே கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பிரேக் ஆயிலுக்கு டாட் 4 தரம் போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலையில் தரம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 155 மட்டுமே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 பெயரில் நெருக்கம் இருந்தாலும் டாட் 4-இன் குடும்பம். பெயின்ட்டில் சொட்டினால் துடைக்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: 1966 எம்ஜிபி, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது), டைனமோ. நெகட்டிவ் எர்த்தாக மாற்ற பேட்டரி ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது, ஆனால் பெரிய வேலையும் இல்லை. பேட்டரி இணைப்பை முழுக்கக் கழற்றுங்கள். பாசிட்டிவ் முனை நெகட்டிவை விடத் தடிமன் என்பதால் கிளாம்ப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கும். இந்த மாடலில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருப்பதை மறக்க வேண்டாம். காயிலின் இரு சிறு முனைகளை இடம் மாற்றுங்கள். இனி டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போக வேண்டியது நெகட்டிவ் முனை.

அடுத்து டைனமோவின் காந்தத் திசையைத் திருப்ப வேண்டும். அதன் இரு ஒயர்களையும் கழற்றிவிட்டு, பேட்டரியைப் புதிய முறையில் இணைத்து, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு ஒயரை எஃப் என்று குறித்த சிறு முனையில் ஒன்றிரண்டு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். டைனமோவுக்கு ரெகுலேட்டர் பெட்டி மாற்ற வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு முறையிலும் ஒரே திசையில்தான் சுற்றும். எலெக்ட்ரானிக் டாக்கோமீட்டர், ரேடியோ, எலெக்ட்ரானிக் இக்னிஷன், உள்ளே டையோடு வைத்த பெட்ரோல் பம்ப் ஆகியவை துருவம் பார்ப்பவை. அவற்றை மாற்றியமைக்காமல் மின்சாரம் கொடுத்தால் கெட்டுவிடும். முடிந்ததும் பானட்டுக்கு அடியில் ‘நெகட்டிவ் எர்த்’ என்று தெளிவாக எழுதி ஒட்டுங்கள். ஆல்டர்னேட்டரோ எலெக்ட்ரானிக் இக்னிஷனோ போடும் எண்ணம் இல்லை என்றால் இந்த மாற்றமே தேவையில்லை. பழையபடி விட்டாலும் கார் நன்றாகவே ஓடும்.

கேள்வி: எஞ்சினுக்கு விலை உயர்ந்த, மெல்லிய செயற்கை ஆயில் போடலாமா? கியர்பாக்ஸில் ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றச் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுமே வேண்டாம். இந்தப் பழைய கார்களின் எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட்டும் டேப்பட்டும் ஒன்றன்மேல் ஒன்று உரசியபடி ஓடுபவை. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் உள்ள துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மானம். புதிய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க இன்றைய மெல்லிய ஆயில்களில் இதைக் குறைத்திருக்கிறார்கள். பழைய கார்களுக்கென்றே வரும் 20டபிள்யூ-50 வாங்குங்கள்.

ஜிஎல்-5 ஆயிலின் சேர்மானம் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடியது. கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை. கியர் ஆயில் கேட்கும் பெட்டி என்றால் ஜிஎல்-4. எம்ஜிபியின் நான்கு சிங்க்ரோ கியர்பாக்ஸுக்கோ எஞ்சின் ஆயில்தான், ஓவர்டிரைவ் இருந்தாலும் அதே ஆயில்தான். பின் ஆக்ஸிலுக்கு மட்டும் ஈபி90 கியர் ஆயில்.

கேள்வி: ஒரு டிரையம்ஃப் டிஆர்6 வாங்கப் பார்க்கிறேன். கிளட்சை மிதித்தால் முன் புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. பரவாயில்லையா?

பதில்: வீடுவரை ஓட்டிக்கொண்டு போகக்கூட வேண்டாம். கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பின் அசைவைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. டிஆர்6-இல் இருக்க வேண்டிய அசைவு 0.006 முதல் 0.008 அங்குலம். கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அதைப் பலமடங்கு தாண்டிவிட்டது. இந்த அரைவட்ட வாஷர் ஒரு கட்டத்தில் நழுவி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழும். அதற்குப் பிறகு கிராங்க் நேராக எஞ்சின் பிளாக்கை அரைக்கத் தொடங்கும்.

டயல் கேஜைப் புல்லியில் வைத்து, கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பி அளந்துகொள்ளுங்கள். வாஷர் மட்டும் தேய்ந்திருந்தால் எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். சம்ப்பைக் கழற்றி, கடைசி மெயின் பேரிங் மூடியை எடுத்தால், பழைய வாஷர்களை விரலால் சுற்றி வெளியே எடுக்க முடியும். புதியதை நுழைக்கும்போது ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரமே திரும்பக் கழற்ற வேண்டிவரும். அளவு அதிகமாக இருந்தால் தடிமன் கூடிய வாஷர் கிடைக்கிறது. பிளாக்கே அரைபட்டிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், அல்லது முழு எஞ்சின் வேலைக்கான செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: எம்ஜிபி ரோட்ஸ்டர். கதவின் பின்பக்க மேல் மூலையில் இடைவெளி குறைந்து, பெயின்ட் உரசுகிறது. கதவுக் கீலைச் சரிசெய்தால் தீருமா?

பதில்: கீலைத் தொடாதீர்கள். கூரை இல்லாத இந்தக் காரில் பாடியை நடுவில் மடங்காமல் தாங்குவது கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டிகள்தான். அவை துருப்பிடித்து வலுவிழந்தால் கார் நடுவில் தொய்ந்து, கதவின் மேல் இடைவெளி மூடும். முன் சக்கரத்துக்குப் பின்னால், ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டின் ரப்பர் கிழிந்து, சேறு புகுந்து தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு என்று சில் பெட்டி மூன்று அடுக்கு. பழைய துருவின் மேலேயே புது வெளித்தகட்டை ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்த கார்கள் ஏராளம். பார்வைக்கு அழகு, பலத்துக்குப் பூஜ்யம். வெட்டுவதற்கு முன் கதவின் திறப்பில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்தோ போல்ட் போட்டோ இறுக்குங்கள். காரின் எடை சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே, சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகே மறுபக்கம். ஒவ்வொரு தகட்டையும் நிலையாக வெல்டு செய்யும் முன் கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். வளைந்த நிலையில் வெல்டு செய்துவிட்டால் அந்த வளைவு நிரந்தரம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் கழற்றியிருக்கட்டும். பெயின்ட் காய்ந்த பிறகு சில்லுக்குள் மெழுகுப் பூச்சு அடித்து, அடியிலுள்ள வடிகால் துளைகள் மூடாமல் இருக்கின்றனவா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய போர்ஷே 911. காலையில் டிப்ஸ்டிக்கில் ஆயிலே தெரியவில்லை. உடனே ஊற்றட்டுமா? வால்வு இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: ஊற்றாதீர்கள். இதில் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. எஞ்சின் முழுச் சூட்டில், சமதளத்தில், ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். ஆறிய எஞ்சினில் பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சி, ஆயில் ஏர் கிளீனருக்குள் போய்ப் புகை கக்கும். வால்வு இடைவெளி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது நேர் எதிர். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது எல்லா வால்வுக்கும் 0.10 மி.மீ.

கேள்வி: சில மாதங்கள் காரை எடுக்க முடியாது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

பதில்: அது கெடுதல். எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் நின்றால், எரிதலில் உண்டான நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஓட்டினால் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். நிறுத்துவதற்கு முன் ஆயிலை மாற்றுங்கள். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து டேங்கை நிரப்பி, அந்தப் பெட்ரோல் கார்புரேட்டர்வரை வரும்படி கொஞ்சம் ஓட்டுங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பேட்டரியைத் தானியங்கிச் சார்ஜரில் விடுங்கள். திரும்ப எடுக்கும்போது டயரின் பக்கச் சுவரில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசியாக வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வயது தாண்டிய டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் அதில் வேகமாகப் போக வேண்டாம், மாற்றிவிடுங்கள்.